தட்டைக் கரண்டியா, வளைவுக் கரண்டியா: பூச்சு வேலையில் ஆறு ஆண்டு அனுபவம்

திருமங்கலம், ஒத்தக்கடை, நாகமலை புதுக்கோட்டை என்று மதுரையைச் சுற்றிப் பூச்சு வேலை எடுத்துச் செய்து வருகிறேன். 2019-இல் ஒரு தட்டைத் தேய்ப்புக் கரண்டியும் அதற்கு அடுத்த ஆண்டு ஒரு வளைவுக் கரண்டியும் வாங்கினேன். இரண்டும் கைப்பிடி வைத்த, துருப்பிடிக்காத எஃகுத் தகடுகள். 11 அங்குல நீளம், நாலரை அங்குல அகலம். தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகள் எதை வாங்குவது என்று கேட்கும்போதெல்லாம் சொல்வதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

சிமெண்ட் பூச்சில் இந்த இரண்டுக்கும் பெரிய வேலை இல்லை. உட்சுவருக்கு 12 மி.மீ. கனத்தில் பொட்டு (மட்டத்துக்கு அடையாளமாக ஆங்காங்கே வைக்கும் சாந்து) வைத்து, சாந்தை எறிந்து, மட்டப்பலகையால் இழுத்து, மணியாஸ் கட்டையால் (மரத் தேய்ப்புப் பலகை) தேய்த்தால் சுவரின் மட்டம் அங்கேயே முடிவாகிவிடுகிறது. அதன்மேல் எஃகுக் கரண்டியைப் போட்டு அழுத்தித் தேய்த்தால் சிமெண்ட் பால் மேலே ஏறி, காய்ந்த பிறகு சிலந்தி வலைபோல மயிரிழை வெடிப்பு விடும். அக்னி நட்சத்திர நாட்களில் மேற்கு வெயில் படும் சுவரில் இது இன்னும் விரைவாகத் தெரியும். ஆகவே இங்கே நான் சொல்வதெல்லாம் பட்டி (வண்ணம் அடிக்கும் முன் சுவரை வழவழப்பாக்கப் பூசும் கலவை) வேலைக்கும் ஜிப்சம் பூச்சுக்கும் உரியது.

தட்டைக் கரண்டி புதிதாக இருக்கும்போது படுத்தி எடுக்கும். அதன் நான்கு முனைகளும் கூராக இருப்பதால், கை சற்றுச் சாய்ந்தாலும் பட்டியில் கோடு விழும். மெல்லிய உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து முனைகளை மட்டும் லேசாக மழுக்கினேன். இரண்டு மாத வேலையில் மீதியைச் சுவரே தேய்த்துக் கொடுத்துவிட்டது. அதன்பின் சுவரில் மேடு எங்கே, பள்ளம் எங்கே என்பதைத் தகடு உள்ளங்கைக்கே சொல்ல ஆரம்பித்தது. மேட்டில் தகடு உரசும் சத்தமே மாறும்.

வளைவுக் கரண்டியில்தான் நான் ஏமாந்தேன். கடையில் ஒரே பெயரில் இரண்டு வகை விற்கிறார்கள் என்பதும், அவற்றின் வளைவு ஒன்றுக்கொன்று நேர்மாறானது என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. தகட்டின் நீள விளிம்பைக் கடையின் கண்ணாடி மேசைமேல் நிறுத்திக் குனிந்து பாருங்கள். நடுவில் ஏறக்குறைய 3 மி.மீ. வெளிச்சம் தெரிந்தால், அது ஜிப்சம் பலகைகளின் இணைப்பில் பட்டை (டேப்) ஒட்டி, அதன்மேல் நடுவில் லேசாக மேடு நிற்கும்படி பூசுவதற்கானது. நடு விளிம்பு மேசையில் படிந்து, இரு ஓரமும் மட்டும் ஒரு மயிரளவு தூக்கி நின்றால், அது சுவரில் கோடு விழாமல் கடைசிக் கை, அதாவது கடைசிப் பூச்சு, போடுவதற்கானது.

நான் வாங்கி வந்தது முதல் வகை. ஒத்தக்கடையில் ஒரு வீட்டின் ஹாலில், 14 அடிச் சுவர் முழுவதையும் அதை வைத்தே பட்டி பார்த்தேன். பகலில் குறை ஒன்றும் தெரியவில்லை. சாயங்காலம் சுவரை ஒட்டி டியூப்லைட் போட்டதும் வீட்டுக்கார அம்மா, "மேஸ்திரி, சுவரு அலை அடிக்குதே" என்றார். ஒவ்வொரு இழுப்பும் நடுவில் மேடும் இரு பக்கமும் பள்ளமுமாக நின்றிருந்தது. இரண்டு நாள் என் செலவில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தட்டைக் கரண்டியால் மறுபடி பூசிக் கொடுத்தேன். கரண்டியைச் சோதித்துப் பார்க்காமல் வாங்கியது என் தவறு என்பதால் கூலி கேட்க மனம் வரவில்லை. அன்றிலிருந்து பட்டி பார்க்கும்போதே கையில் ஒரு விளக்கைச் சுவரோடு சாய்த்துப் பிடித்துப் பார்க்காமல் நகர்வதில்லை.

பிறகு ஓரம் தூக்கிய வகையைத் தேடி வாங்கினேன். ஜிப்சம் பூச்சு கலந்த 20, 25 நிமிடத்தில் இறுகத் தொடங்கிவிடுவதால், அதை அப்புவதற்கும் மட்டம் எடுப்பதற்கும் தட்டைக் கரண்டியே தோதானது. சற்று இறுகியதும் ஊசித்துளைகளை மூடுவதற்கு வளைவுக் கரண்டியை எடுத்தால் ஓரக்கோடு விழாமல் கை வேகமாக ஓடும். பட்டியில் முதல் கை தட்டையிலும் இரண்டாம் கை வளைவிலும் போடுகிறேன். ஆனால் சுவர் மூலையில் வளைவுக் கரண்டி முழுதாகப் படியாது; அங்கே கடைசிவரை தட்டைதான்.

பராமரிப்பில் ஒன்றைச் சொல்ல வேண்டும். வளைவுக் கரண்டியைச் சாமான் சாக்கில் அடியில் போட்டு அதன்மேல் மற்ற கருவிகளை ஏற்றினால் வளைவு மாறிவிடும். ஆணியில் தொங்கவிட்டால் நிலைக்கும். தட்டைக்கு அந்தக் கவலை இல்லை. என்னுடைய பழைய தட்டைக் கரண்டி ஆறு ஆண்டில் அகலத்தில் கால் அங்குலம் தேய்ந்து, ஓரங்கள் தாமாகவே லேசாக ஏறிவிட்டன. இப்போது இரண்டாம் கைக்கும் பல நாள் அதையே எடுக்கிறேன். முதல் கைக்குப் புதிதாக ஒரு தட்டைக் கரண்டி வாங்கி, அதன் முனைகளைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.