கோடை விருந்துக்கு இத்தாலியக் குச்சி: கப்ரேசேவா, ஆன்டிபாஸ்தோவா?

வருஷா வருஷம் மே மாதத்தில் ஒரு சாயங்காலம் எங்கள் கம்பம் வீட்டு மொட்டை மாடியில் குடும்பம் மொத்தமும் கூடும். மதுரை, திருப்பூர், கொச்சி என்று ஆளுக்கொரு ஊரில் இருக்கிற அண்ணன் தம்பி வீடுகள், குமுளியிலிருந்து இறங்கி வரும் சம்பந்தி வீட்டார் என முப்பது பேருக்குக் குறையாது. போன வருஷம் அந்த வெயிலில் எண்ணெய்ச் சட்டி முன்னால் யாரும் நிற்க வேண்டாம், வடை பஜ்ஜிக்குப் பதில் அடுப்பில்லாத பலகாரம் வைக்கலாம் என்று முடிவு செய்தேன். குமுளியில் சம்பந்தி வீட்டுக்குப் பக்கத்து வீட்டுச் சேச்சி பல வருஷம் ரோமில் வயசானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவர். சாப்பாட்டுக்கு முன்னால் அங்கே குச்சியில் கோத்து வைக்கும் சின்னப் பதார்த்தங்களைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

மொத்தம் தொண்ணூறு குச்சி. பாதி தக்காளியும் சீஸும் கோத்த கப்ரேசே, பாதி ஆலிவும் காய்ந்த தக்காளியும் கோத்த ஆன்டிபாஸ்தோ. இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே மேசையில், பக்கத்துப் பக்கத்துத் தட்டில் வைத்தேன். அன்றைக்குப் பார்த்ததையும், அதற்குப் பிறகு நாலைந்து முறை செய்து பார்த்ததையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். என் ஓட்டு ஆன்டிபாஸ்தோவுக்கு. ஏன் என்பதற்கு ஒரே காரணம்தான், தண்ணீர்.

கப்ரேசே எல்லோருக்கும் தெரிந்த சேர்க்கை. செர்ரி தக்காளி, உருண்டை மொஸரெல்லா சீஸ், பேசில் இலை மூன்றையும் கோத்து, மேலே கொஞ்சம் ஆலிவ் எண்ணெய், உப்பு, மிளகு. கப்ரி தீவின் பேரைத் தாங்கியது, இத்தாலியக் கொடியின் மூன்று நிறமும் இதில் இருக்கும். ருசியைப் பற்றிச் சண்டையே கிடையாது. கோத்த முதல் இருபது நிமிஷத்துக்குக் கப்ரேசேவை அடித்துக்கொள்ள ஆளில்லை. பிள்ளைகள் முதலில் கை வைத்ததும் அந்தத் தட்டில்தான்.

ஆறு மணிக்கு வைத்தேன். ஆறேமுக்கால் இருக்கும், தம்பி மகன் வந்து, "அத்தை, இந்தத் தட்டு தண்ணி விட்டுருச்சு" என்றான். போய்ப் பார்த்தால் தட்டில் பாலும் சிவப்பும் கலந்த நீர் ஒரு விரல் அகலத்துக்கு ஓரமெல்லாம் தேங்கி நிற்கிறது. சீஸ் உருண்டைகள் தக்காளிச் சாயம் ஏறி, அடிப்பக்கம் நசுங்கி உட்கார்ந்திருந்தன. இலைகள் கறுத்துச் சுருண்டுவிட்டன. பக்கத்துத் தட்டில் ஆன்டிபாஸ்தோ, நான் வைத்தது வைத்தபடி இருந்தது.

சேச்சியிடம் போனில் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி சீஸை எப்படி வடித்தாய் என்பதுதான். "ஆத்யம் வெள்ளம் களயணம், மோளே" என்றார், முதலில் தண்ணீரைப் போக்க வேண்டும் மகளே என்று. மலையாளத்தில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர். அன்றைக்கு என் தட்டில் நின்றதை நம்ம தமிழில் வெள்ளம் என்றாலும் தப்பில்லை.

சின்ன உருண்டை மொஸரெல்லாவுக்கு இத்தாலியில் சிலியெஜீனே, அதாவது குட்டிச் செர்ரி, என்று பெயர். டப்பாவில் தண்ணீரில் மிதந்தபடியேதான் வரும். வெளியே எடுத்த நிமிஷத்திலிருந்து உள்ளே இருக்கிற நீரைக் கசிய ஆரம்பிக்கும். தக்காளியிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் நீர்தான். வெட்டிய தக்காளியில் உப்பு பட்டால் அந்த நீர் வெளியே வரும், ஊறுகாய்க்கு மாங்காயில் உப்பு பிசறி வைப்பவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆக, நீர் விடுகிற இரண்டு பொருளை ஒரே குச்சியில் கோத்து, மேலே உப்பையும் தூவி, மே மாதக் காற்றில் வைத்திருக்கிறேன்.

பிறகு திருத்தங்கள் செய்து பார்த்தேன். உருண்டைகளை வடித்து, பருத்தித் துணியில் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜிலேயே உருட்டி வைத்தேன். தக்காளியை வெட்டாமல் முழுசாகக் கோத்தேன். உப்பை மேசைக்குப் போகும் நேரத்தில் போட்டேன். நல்ல முன்னேற்றம், நாற்பது நிமிஷம் வரை தட்டு தாங்கியது. ஆனால் ஒரு முடிச்சை மட்டும் என்னால் அவிழ்க்க முடியவில்லை. சீஸுக்கு ஃப்ரிட்ஜ் கட்டாயம், பேசிலுக்கு ஃப்ரிட்ஜ் ஆகாது. 10 டிகிரிக்குக் கீழே போனால் பேசில் இலை கறுத்துவிடும், நம் ஃப்ரிட்ஜோ 4 டிகிரியில் ஓடுவது. இரண்டும் ஒரே குச்சியில் இருக்கும்போது முன்கூட்டியே கோத்து வைக்க வழியில்லை. விருந்தாளி வந்து உட்கார்ந்த பிறகுதான் கோக்க வேண்டும். வீட்டுக்காரி அப்போது வாசலில் நிற்பாளா, அடுக்களையில் நிற்பாளா?

இலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பேசில் கிடைக்காது என்று யாரும் அலைய வேண்டாம். நம் ஊர்த் திருநீற்றுப் பச்சிலை அதே இனம்தான். சர்பத்தில் ஊறப் போடுகிற சப்ஜா விதை இந்தச் செடியிலிருந்து வருவதுதான். வாசனை மட்டும் கொஞ்சம் தூக்கலாக, கிராம்பு மாதிரி அடிக்கும். அதனால் நுனிக் கொழுந்தாகப் பறித்து, ஒரு குச்சிக்கு ஒரே ஒரு சின்ன இலை போதும். துளசியைப் போட்டும் பார்த்தேன், அது வேறு செடி, வேறு காரம், சீஸோடு ஒட்டவில்லை.

இனி ஆன்டிபாஸ்தோ. பெயருக்கு அர்த்தம் 'சாப்பாட்டுக்கு முன்' என்பதுதான். இத்தாலியில் இதில் ஆலிவ், சலாமி என்ற பதப்படுத்திய இறைச்சி, காய்ந்த தக்காளி, வினிகரில் ஊறிய மிளகாய், கெட்டிச் சீஸ் எல்லாம் வரும். உற்றுப் பார்த்தால் பெரும்பாலும் உப்பிலோ, வினிகரிலோ, வெயிலிலோ ஏற்கெனவே பக்குவப்பட்ட பொருள்கள். விட வேண்டிய தண்ணீரை எல்லாம் முன்பே விட்டுவிட்டு வந்தவை. வத்தல், வடகம், ஊறுகாய் போடுகிற வீட்டில் இந்தத் தட்டின் சூட்சுமம் உடனே பிடிபடும். நம் பரணில் இருக்கிற அதே அறிவு இது.

தக்காளியை நான் மாடியிலேயே காய வைத்தேன். இதற்கு நாட்டுத் தக்காளி வேண்டாம், நீர் அதிகம், சதை குறைவு. பெங்களூர்த் தக்காளி என்று விற்கிற நீளக் காயாக வாங்குங்கள். நீளவாட்டில் இரண்டாக வெட்டி, விதையை வழித்து, உப்புத் தூவி, ஒரு மணி நேரம் கவிழ்த்து வைத்தால் பாதி நீர் அங்கேயே வடிந்துவிடும். பிறகு நிமிர்த்தி வைத்து, மேலே மெல்லிய வேட்டித் துணி கட்டி, மூன்று நாள் வெயில். பொழுது சாய்ந்ததும் உள்ளே எடுத்துவிட வேண்டும், பனி பட்டால் பூஞ்சணம் வரும். இரண்டாம் நாள் கோடை மழை பிடித்துக்கொண்டதில் நான் ஒரு தாம்பாளம் இழந்தேன். விரலால் மடக்கினால் தோல்பை மாதிரி வளைய வேண்டும், ஒடியக் கூடாது. 5 கிலோ போட்டு எடுத்தால் அரை கிலோ கூடத் தேறாது, ஆனால் ஒரு குச்சிக்கு ஒரு துண்டு போதும் என்பதால் அதுவே தாராளம். எண்ணெயில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். பூண்டை மட்டும் அந்த எண்ணெயில் ஊற விடாதீர்கள், எண்ணெய்க்குள் மூழ்கிய பச்சைப் பூண்டு நாள்பட்டால் விஷமாகக் கூடியது. வேண்டுமானால் விருந்தன்று நசுக்கிச் சேர்க்கலாம்.

சீஸுக்குப் பீட்சா மொஸரெல்லா கட்டியை வெட்டிப் போட்டுப் பார்த்தேன். உருகினால்தான் அதற்கு ருசி, பச்சையாக ரப்பர் கடிக்கிற மாதிரி இருந்தது. பன்னீர்தான் கை கொடுத்தது. துணியில் சுற்றி, இரண்டு தட்டுக்கு நடுவில் வைத்து, மேலே குழவிக்கல்லை ஏற்றி இரவு முழுவதும் ஃப்ரிட்ஜில் வைத்தேன். காலையில் தட்டில் அரை டம்ளர் நீர் நின்றது. பன்னீர் கத்திக்கு இழைய, உடையாமல் கட்டமாக வந்தது. உப்பு, எண்ணெய், ஓரிகனோ, எலுமிச்சைத் தோல் துருவல் போட்டு ஊற வைத்தால் அதைப் பன்னீர் என்று பாதிப் பேர் கண்டுபிடிக்கவில்லை.

இந்தக் குச்சிக்குள் நான் அதிகம் சந்தோஷப்பட்டது பச்சை மிளகில். இத்தாலியர்கள் கேப்பர் என்ற பூ மொட்டை உப்பில் போட்டுச் சேர்ப்பார்கள். எங்களுக்கு மலை ஏறினால் குமுளி, குமுளி என்றால் மிளகு. அறுவடைக் காலத்தில் சம்பந்தி வீட்டில் பச்சை மிளகைச் சரத்தோடு உப்பு நீரில் போட்டு வைப்பார்கள், மே மாதத்தில் அது நன்றாக ஊறி, கடித்தால் வெடிக்கும் பக்குவத்தில் இருக்கும். சின்னச் சரமாகக் கிள்ளி, பன்னீருக்கும் தக்காளிக்கும் நடுவில் சொருகினேன். அண்ணி தட்டைச் சுற்றிச் சுற்றி வந்து அதை மட்டும் தேடி எடுத்தார். இத்தாலிய மிளகாய் ஊறுகாய்க்குப் பதில் பஜ்ஜி மிளகாயை வட்டமாக நறுக்கி இரண்டு நாள் வினிகரில் போட்டது போதும். காந்தாரி மிளகாய் வேண்டாம், ஒரு குச்சியிலேயே மற்ற ருசியெல்லாம் அடங்கிவிடும்.

ஆலிவ் கொட்டை நீக்கியதாக இருக்கட்டும், பிள்ளைகள் கடிப்பார்கள். குமுளியில் வெளிநாட்டுப் பயணிகள் வருகிற கடைகளில் பாட்டில் கிடைக்கிறது. உருண்டை மொஸரெல்லா அப்படியில்லை. கொச்சி அண்ணன் ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார், 200 கிராம் டப்பாவில் இருபது உருண்டைதான் இருக்கும். நாற்பத்தைந்து குச்சிக்கு மூன்று டப்பா.

சலாமி பற்றி நான் பெரிதாகப் பேச முடியாது. எங்கள் வீட்டில் பாதிப் பேர் சைவம் என்பதால் ஒரே ஒரு முறை பத்துக் குச்சிக்குப் போட்டேன், சாப்பிட்டவர்கள் நன்றாக இருந்தது என்றார்கள், அவ்வளவே என் அனுபவம். முலாம்பழமும் ஹாம் என்ற பன்றி இறைச்சியும் சேர்ந்த குச்சி அங்கே கோடைக்குப் பேர்போனது, ஆனால் பழம் விடுகிற நீரில் அதுவும் கப்ரேசே கதைதான். கோழித் துண்டுகளைக் கோத்துத் தணலில் சுடுகிற ஸ்பியெதீனி அருமையான பண்டம், ஆனால் மூங்கில் குச்சியை அரை மணி ஊற வைப்பதில் ஆரம்பித்து ஒருத்தர் கடைசி வரை தணல் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அடுப்பில்லாமல் இருக்கத்தானே இந்த வேலையைத் தொட்டேன்.

குச்சிக்குத் தென்னை ஈர்க்கு சீவிப் பார்த்தேன். பார்க்க அழகு, ஆனால் மெலிசாக இருப்பதால் பன்னீர் சுழன்று கழன்றுவிடுகிறது. பட்டையான மூங்கில் குச்சியே சரி.

ஆன்டிபாஸ்தோவிலும் ஒரு எச்சரிக்கை. தட்டு பார்வைக்கு வாடாது என்பதற்காகப் பன்னீரை மணிக்கணக்கில் வெளியே விடக் கூடாது. கெடக்கூடிய பதார்த்தம் ஃப்ரிட்ஜுக்கு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் கணக்கு. கம்பத்தில் மே மாதம் ஆறு மணிக்கும் மாடித் தரை சுடும். அதனால் முந்தின நாள் இரவே எல்லாவற்றையும் கோத்து மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுகிறேன், பாதியை முதலில், மீதியை முக்கால் மணி கழித்து எடுக்கிறேன். இப்படி முந்தின நாளே கோத்து முடிக்க முடிவதுதான் எனக்குப் பெரிய நிம்மதி. கப்ரேசேயில் அது நடக்கவே நடக்காது.

மேலே ஊற்ற இத்தாலியின் மொதேனா ஊர்ப் பால்சாமிக் வினிகர் வாங்கவில்லை. அதற்கு மூலமே காய்ச்சிய திராட்சைச் சாறுதான். எங்கள் ஊர்ப் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, அப்புறம் எதற்கு வெளியே தேட? ஒரு லிட்டர் சாற்றை வடிகட்டி, சின்னத் தீயில் கால் பங்காகும் வரை வற்ற விட்டு, கடைசியில் ஒரு கரண்டி வினிகர் விட்டேன். கரண்டியில் ஒட்டி மெதுவாக இறங்குகிற பதம். பால்சாமிக்கின் ஆழம் இதில் வராது, அது வருஷக்கணக்கில் மரப்பீப்பாயில் கிடப்பது. ஆனால் உப்புப் பன்னீருக்கும் காய்ந்த தக்காளிக்கும் இந்தப் புளிப்பு இனிப்பு கச்சிதமாகப் பொருந்துகிறது.

போன டிசம்பரில் குமுளியில் சம்பந்தி வீட்டு விசேஷத்துக்கு இரண்டையும் கொண்டுபோனேன். அந்தக் குளிரில் கப்ரேசே ஒரு மணி நேரம் அலுங்காமல் நின்றது, இலை கூட வாடவில்லை. மலைக்கு மேலே வீடிருக்கிறவர்களிடம் என் வாதம் எடுபடாது.

இந்த மே மாதத்துக்கு எண்பது குச்சி கணக்கு. அறுபது ஆன்டிபாஸ்தோ. இருபது கப்ரேசே, அதுவும் பிள்ளைகளுக்காக. அதை நான் கோக்கப் போவதில்லை. வடித்த சீஸ் ஒரு கிண்ணம், தக்காளி ஒரு கிண்ணம், தண்ணீர் டம்ளரில் நிற்கும் பச்சிலைக் கொத்து ஒன்று, குச்சி ஒரு கட்டு. மேசையில் வைத்துவிட்டால் அவர்களே கோத்து அங்கேயே தின்றுவிடுவார்கள்.