அலாரம் பேனலின் கடிகாரம்: கையால் திருத்துவதா, நெட்டிலிருந்து எடுப்பதா?

வீட்டுத் திருட்டு அலாரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டியான பழைய பேனலைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று மாட்ட வேண்டி வந்தபோது, சென்சார், சைரனைவிட நான் அதிகம் விசாரித்தது பேனலின் கடிகாரத்தைப் பற்றித்தான். மாட்ட வந்தவருக்கு அது வேடிக்கையாக இருந்தது. “டைம்தானே சார், கீபேடில் நாலு பட்டன் அழுத்தினால் முடிந்தது” என்றார். ஆட்டோ ஆர்ம், அதாவது குறித்த நேரத்தில் அலாரம் தானாகக் காவலுக்குத் தயாராவது, இல்லாத வீடாக இருந்தால் நானும் அப்படியே விட்டிருப்பேன். எங்கள் வீட்டில் இரவு 11 மணிக்குப் பேனல் தானாக ஆர்ம் ஆகும், காலை 5 மணிக்குத் தானாக விலகும். கடிகாரம் கால் மணி நேரம் பின்தங்கினால், பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறப்பவர் தெருவையே எழுப்பிவிடுவார். அப்புறம் கேமரா. பேனலின் பதிவில் கதவு திறந்தது 2:10 என்றும் கேமரா காட்சியைப் பதியும் டிவிஆரில் அதே ஆள் 2:17-க்கு நடந்து போவதாகவும் இருந்தால், எதை நம்புவது?

கடைசியில் நெட்டிலிருந்து நேரம் எடுக்கும் பேனலுக்குப் போனேன். அதன் துல்லியத்துக்காக அல்ல. காரணத்துக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கையால் செட் செய்யும் வகை. இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். உள்ளே நொடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது, கைக்கடிகாரத்தில் இருக்கும் அதே சரக்கு. சாதாரணப் படிகம் பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகலாம். கணக்குப் போட்டால் நாளுக்கு 1.7 நொடி, மாதத்துக்கு 50 நொடி சொச்சம். நம் ஊர் வெயில் இதில் கொஞ்சம் சேர்க்கும். இந்தப் படிகம் 25 டிகிரி வாக்கில்தான் சரியாக ஓடும். சூடு அதற்கு மேலே போனாலும் கீழே இறங்கினாலும் மெதுவாகும். மாடிப்படிக்குக் கீழே தகரப் பெட்டிக்குள், டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் 45 டிகிரியில் உட்கார்ந்திருந்தால், நாளுக்கு இன்னும் ஒரு நொடிக்கு மேல் விட்டுவிடும். கையில் கட்டிய வாட்சை உடம்புச் சூடு ஓரளவு சீராக வைத்திருக்கும். பேனலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஆனாலும் இது சமாளிக்கக்கூடியதுதான். டிஎஸ்சி கம்பெனியின் பவர்சீரிஸ் பேனல்களில் ஓர் அழகான ஏற்பாடு உண்டு: நாளின் கடைசி நிமிடத்துக்கு எத்தனை நொடி என்று, மாட்டுபவருக்கான இன்ஸ்டாலர் மெனுவில் நாமே சொல்லிவிடலாம். தினம் 9 நொடி பின்தங்குகிறது என்றால் அந்த நிமிடத்தை 51 நொடியாக்கினால் போதும், நள்ளிரவுக்குக் கணக்கு நேராகிவிடும். ஒரு மாதம் போன் நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து எண்ணைப் போட்டுவிட்டால், வருடத்துக்கு இரண்டு மூன்று முறை தொட்டால் போதும்.

இதே வகையில் ஒரு கிளை, மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அலையை எண்ணி நேரம் காட்டுவது. மெனுவில் படிகமா, மின்கம்பியா என்று கேட்டால் நம் ஊரில் படிகத்தையே தேர்ந்தெடுங்கள். இந்திய மின்தொகுப்பில் 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ் வரை விதிப்படி சரியானதுதான். ஒரு நாள் முழுக்க 49.95-இல் ஓடினால் கடிகாரம் 86 நொடி பின்தங்கும். ஏற்ற இறக்கத்தில் ஓரளவு ஈடாகிவிடும் என்றாலும், ஈடாகும் என்று நம்பி உட்கார முடியாது. 2018 தொடக்கத்தில் செர்பியா, கொசோவோ மின்சாரத் தகராறில் ஐரோப்பியத் தொகுப்பின் அலைவெண் இம்மியளவு குறைந்தே ஓடி, மார்ச் வாக்கில் அங்கே அடுப்புக் கடிகாரமெல்லாம் 6 நிமிடம் பின்னால் நின்றது. அடுக்குமாடி ஜெனரேட்டர் இன்னும் மோசம்: அது 51 ஹெர்ட்ஸில் ஓடினால் பேனல் மணிக்கு 72 நொடி முன்னால் ஓடும்.

சிம் கார்டு போட்ட பேனல்கள் டவரிலிருந்து நேரத்தை வாங்கிக்கொள்ளும். இந்த வகையை நான் வீட்டில் வைத்ததில்லை, தம்பி வீட்டில் பார்த்ததுதான், அதனால் அழுத்தமாகச் சொல்ல வரவில்லை. ஓடும்வரை நன்றாகவே ஓடியது. பேனலுக்குள் இருக்கும் சிம்முக்கு ரீசார்ஜ் தேதி யாருக்கும் ஞாபகம் வராது என்பதுதான் அங்கே நான் கண்ட குறை. வாங்குவதாக இருந்தால் உள்ளே இருப்பது 2ஜி மோடமா 4ஜி மோடமா என்று கேளுங்கள். 2ஜி என்றால் ஜியோ சிம் வேலை செய்யாது.

சரி, நான் நெட் வகைக்குப் போன காரணம். நாளுக்கு இரண்டு நொடி பிசகுவதை நான் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது, கடிகாரம் மொத்தமாக அழிந்துபோவது. அது நடப்பது இப்படித்தான்: பேனலுக்குள் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரி இருக்கிறது. பேனலும் கீபேடும் சென்சார்களுமாகச் சேர்ந்து 200 மில்லி ஆம்பியர் இழுத்தால், புதுசில் ஒரு நாளுக்கு மேல் தாங்கும். மூன்று கோடை பார்த்த பேட்டரி அவ்வளவு தாங்காது. இந்த ரகம் வெப்பத்தில் சீக்கிரம் சாகும். 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்பது பேட்டரிக்காரர்களின் தோராயக் கணக்கு. வெளியே பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருப்பதால் அது செத்தது தெரியாது. பராமரிப்பு என்று காலை 9 மணிக்குப் போன கரண்ட் மாலையில் வரும்போது, பேனல் இடையில் அணைந்து மறுபடி எழுந்திருக்கும். பல பேனல்களில் கடிகாரத்துக்கென்று தனிப் பட்டன் பேட்டரி கிடையாது. நேரம் போயிருக்கும். கீபேடில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும், அவ்வளவுதான். நேரம் தெரியாத பேனல் அன்று இரவு 11 மணிக்கு ஆர்ம் ஆகாது.

வீட்டில் ஆள் இருந்தால் மஞ்சள் விளக்கைப் பார்த்துச் சரிசெய்யலாம். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருந்தால்? கையால் செட் செய்யும் பேனல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தோற்பது இந்த ஓர் இடத்தில்தான். திருத்த ஒரு கை வேண்டும், அலாரம் ரொம்பத் தேவைப்படும் நாளில் அந்தக் கை வீட்டில் இருக்காது.

நெட் பேனல் எழுந்தவுடன் தானே நேரத்தைக் கேட்டு வாங்கிவிடும். ஆனால் இதிலும் ஒரு சிக்கல் உண்டு, கடையில் யாரும் சொல்வதில்லை. கரண்ட் வந்ததும் பேனல் அரை நிமிடத்தில் தயார். ஃபைபர் பெட்டியும் ரௌட்டரும் லைன் பிடிக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். பேனலின் முதல் கேள்விக்குப் பதில் வராது. அடுத்து எப்போது கேட்கும் என்பதில்தான் பேனலுக்குப் பேனல் வித்தியாசம். சில நிமிடத்துக்கொரு முறை கேட்பது நல்ல பேனல். ஒரு நாளுக்கு ஒரு முறைதான் கேட்பேன் என்று இருப்பது கையால் செட் செய்வதைவிடப் பெரிய முன்னேற்றம் இல்லை.

பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்பாமல் நான் மாட்டியவரிடமே சோதித்துக் காட்டச் சொன்னேன். பேட்டரியின் சிவப்பு ஒயரைப் பிடுங்கி, மெயின் கரண்டுக்கான எம்சிபி சுவிட்சை இறக்கி, ரௌட்டரையும் அணைத்துவிட்டுச் சற்று நேரம் கழித்து எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டோம். கீபேடில் 00:00, 01-01-2000 என்று வந்து நின்றது. ரௌட்டரின் நெட் விளக்கு எரிந்த பிறகும் அப்படியேதான். மாட்ட வந்தவர் மெனுவுக்குக் கையைக் கொண்டுபோனார், பொறுங்கள் என்றேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் திரை ஒரு முறை சிமிட்டி இன்றைய தேதிக்குத் தாவியது. பணம் கொடுப்பதற்கு முன் இந்தச் சோதனையை நீங்களும் கேளுங்கள். ரௌட்டரை இன்வெர்ட்டர் லைனில் போட்டுவிட்டால் இந்தக் காத்திருப்பே பெரும்பாலும் வராது.

செட்டிங்கில் கவனிக்க இரண்டு விஷயம். டைம் ஸோன் பட்டியலில் 5:30 இருக்கிறதா பாருங்கள். அரை மணி நேரத்தை ஏற்காத பெட்டி நமக்கு ஆகாது. அமெரிக்கச் சந்தைக்குச் செய்த பேனல் என்றால் கோடைகால நேர மாற்றத்தை அணைத்துவிடுங்கள். விட்டால் மார்ச் இரண்டாம் ஞாயிறு ஒரு மணி நேரம் முன்னால் குதித்து, நவம்பர் முதல் ஞாயிறு திரும்பி வரும். நேர சர்வராக டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தினுடையதையோ மத்திய அரசின் தகவலியல் மையமான என்ஐசியின் சமய் சர்வரையோ கொடுக்கலாம். டிவிஆருக்கும் அதையே கொடுத்தால் இரண்டின் பதிவும் ஒத்துப்போகும்.

ராஸ்ப்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி போர்டில் சொந்தமாக அலாரம் கட்டுபவர்களுக்கு ஒரு வரி: பை 4 வரை போர்டில் கடிகாரமே கிடையாது. டிஎஸ்3231 என்ற கடிகாரச் சில்லு வைத்த குட்டி போர்டு சில நூறு ரூபாய்தான். வெப்பத்துக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் ரகம், வருடத்துக்கு ஒரு நிமிடம் போலத்தான் பிசகும்.

வீட்டில் எப்போதும் பெரியவர்கள் இருக்கிறார்கள், ஆர்ம் செய்வதும் கையால்தான் என்றால், இருக்கும் பேனலே போதும். நெட் மாட்யூலுக்குச் சில ஆயிரம் செலவழிப்பதற்கு முன் உள்ளே இருக்கும் பேட்டரியை மாற்றுங்கள். மாற்றிய மாதத்தை மார்க்கரில் அதன் மேலேயே எழுதச் சொல்லுங்கள், அடுத்த முறை பெட்டியைத் திறப்பவருக்கு அதுதான் உதவும்.