மார்கழிக் கச்சேரி கேட்கப் போய் 22,500 ரூபாய் போச்சு: மயிலாப்பூரில் அறை எடுக்கிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

நேற்று ராத்திரிதான் திருநெல்வேலி வந்து சேர்ந்தோம். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. ஆறப்போட்டால் எழுதாமல் விட்டுவிடுவேன் என்றுதான் இப்போதே உட்கார்ந்துவிட்டேன்.

அம்மாவுக்கு 74 வயது. கீர்த்தனைகள் எழுதிப் பாடிய பாபநாசம் சிவன் மார்கழி விடியலில் பஜனை பாடிக்கொண்டு போன மாட வீதிகளை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்பது பல வருஷ ஆசை. ஆனால் முட்டிவலி. கச்சேரி நடக்கிற சபா சபாவாக ஏறி இறங்க முடியாது. அப்போதுதான் ஒரு பயண ஆப்பில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. கபாலீசுவரர் கோயில் பக்கம், நூறு வருஷத்துப் பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றியிருக்கிறார்களாம். ‘தினமும் மாலை 6.30 மணிக்கு முற்றத்தில் நேரடிக் கச்சேரி.’ தேக்குத் தூண், ஊஞ்சல், ஜமக்காளம் விரித்து இருபது பேர் உட்கார்ந்திருக்க, ஒருவர் வயலின் வாசிக்கிற வீடியோ. அம்மா அதை நாலு தடவை போட்டுப் பார்த்தாள்.

ஆப்பில் பதிவு செய்த பத்தாவது நிமிஷம் போன் வந்தது. மேனேஜராம். அவ்வளவு பணிவான குரல். “அம்மாவால சம்மணம் போட முடியாதுல்ல சார்? முன்வரிசையில சாய்வு நாற்காலி போட்டுடறேன்” என்றார். அப்புறம் கேட்டார்: “அம்மாவுக்கு எந்த ராகம் பிடிக்கும்?” சஹானா என்றேன். “வித்வான்கிட்ட சொல்லி முதல் நாளே பாட வெச்சுடறேன் சார்.”

நான் விழுந்தது அங்கேதான். ராகம் கேட்கிறவர் ஏமாற்றுவாரா என்று நினைத்துவிட்டேன். ஆப் வழியாக வந்தால் கமிஷன் போய்விடும், அந்தப் பதிவை ரத்து செய்துவிட்டு நேராக அனுப்புங்கள் என்றபோதுகூடச் சந்தேகம் வரவில்லை. நாலு ராத்திரிக்கு 20,000, கச்சேரிக்கு 2,500. மொத்தம் 22,500 ரூபாயை ஒரே தடவையில் அனுப்பினேன். பணம் போகிற கணக்கில் வேறு யாரோ ஒரு பெண் பெயர் காட்டியது. “வீட்டம்மா பேர் சார்” என்றார். சரி என்று பின் நம்பரைப் போட்டேன்.

வீடியோவில் பார்த்த வீடு இருந்தது, ஆனால் பூட்டிக் கிடந்தது. “உள்ள வேலை நடக்குது.” எங்களுக்குக் கொடுத்தது பின்கட்டு மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை. குறுகலான 31 படி. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். சாய்வு நாற்காலி போடுகிறேன் என்றவர் அதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மறுபடியும் அந்த 31 படியை இறங்கி வந்தாள். கீழே நடையில் ஒரு ஸ்பீக்கர். அதில் யாருடைய போனிலிருந்தோ பாட்டு. ஒரே வரியைப் பல விதமாகப் பாடுகிற நிரவல் நடுவில் சோப்பு விளம்பரம் வந்தது. அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, “விடுய்யா” என்று மட்டும் சொன்னாள்.

முதல் நாள் கேட்டதற்கு, வித்வானுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. இரண்டாம் நாள், அவருக்கு சபாவில் சான்ஸ் வந்துவிட்டது, “நாம என்ன சார் பண்ண முடியும்?” பணத்தைத் திருப்பிக் கேட்டதும் குரலே மாறியது. “இசைன்னுதான் போட்டிருக்கோம், நேரடின்னு எங்க போட்டிருக்கு?” ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினேன். “ஓனர் அமெரிக்காவுல இருக்கார், நான் சம்பளத்துக்கு இருக்கறவன்.” பில் கேட்டால் கொடுக்கவில்லை. ஆப்காரர்களைக் கூப்பிட்டால், “உங்கள் பதிவு உங்களாலேயே ரத்து செய்யப்பட்டிருக்கிறது” என்று சொல்லிப் புகாரை மூடிவிட்டார்கள். வங்கியில், நீங்களே அனுப்பிய பணம்தானே என்கிறார்கள். 22,500 ரூபாய்க்கு இத்தனை பேரிடம் கெஞ்சியும் ஒருவர் வாயிலிருந்தும் ‘மன்னிக்கவும்’ வரவில்லை.

1927-இல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டோடு கூடிய இசை மாநாட்டிலிருந்து பிறந்தது மியூசிக் அகாடமி. 1928-இல் தொடங்கினார்கள். கிட்டத்தட்ட நூறு வருஷமாக எத்தனையோ பேர் பாடிப் பாடி வளர்த்த மார்கழி இசை சீசன் இது. அந்தப் பெயரைத் தூண்டிலில் மாட்டி, வயசான ரசிகர்களைப் பிடிக்கிறார்களே, அதுதான் எனக்குப் பணத்தைவிட வலிக்கிறது.

மூன்றாம் நாள் விடியலில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டோம். மாட வீதியில் பஜனை கோஷ்டி வந்துகொண்டிருந்தது. அம்மா ஒரு கடைப்படியில் உட்கார்ந்து கடைசி ஆள் தாண்டிப் போகிறவரை கேட்டாள். மதியம் ஒரு சபாவில் இளம் பாடகி ஒருத்தியின் கச்சேரி. டிக்கெட் கிடையாது, படியும் கிடையாது. பல சபாக்களில் மதியக் கச்சேரி இலவசம்தான். இது முன்பே உறைத்திருந்தால் கோயில் பக்கம் ஒரு சாதாரண லாட்ஜில் கீழ்த்தளத்து அறையே போதுமாயிருந்தது.

விவரமாக யோசனை எழுத நினைத்தேன், முடியவில்லை. ஆப்பை விட்டு வெளியே பணம் அனுப்பாதீர்கள். கணக்கில் காட்டுகிற பெயர் வேறாக இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். கச்சேரி உண்டு என்றால், யார், எந்தத் தேதி என்று எழுத்தில் வாங்குங்கள். ஏமாந்தது தெரிந்த உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடியுங்கள். நான் மூன்று நாள் கழித்துத்தான் அடித்தேன். நுகர்வோர் உதவிக்கு 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நாம் குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம், நாம் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். நான் திங்கட்கிழமை போடுகிறேன்.

அதே வீடியோவோடு அந்த விளம்பரம் இன்று காலையிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. பொங்கல் விடுமுறைக்கு அறை தேடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், ராகம் என்ன என்று போனில் ஒருவர் கேட்டால், தயவுசெய்து பணம் அனுப்பிவிடாதீர்கள்.