முதல் வெப் புராஜெக்டில் ரூட்டிங்: ஜாங்கோ, ஃபிளாஸ்க், எக்ஸ்பிரஸ் மூன்றும் தப்பு செய்தால் என்ன சொல்கின்றன?

வெப் ஃபிரேம்வொர்க் பழகத் தொடங்குபவர்கள் முதலில் முட்டிக்கொண்டு நிற்கும் இடம் பெரும்பாலும் ரூட்டிங்தான், அதாவது எந்த முகவரிக்கு எந்த ஃபங்ஷன் ஓட வேண்டும் என்று சொல்லும் வேலை. சர்வர் ஓடிக்கொண்டிருக்கும், ஃபங்ஷனும் எழுதியாகிவிட்டது, பிரவுசரில் முகவரியை அடித்தால் ‘பக்கம் இல்லை’ என்ற 404 வந்து நிற்கும். எந்த ஃபைலைத் திறந்து பார்ப்பது என்றே தெரியாது. புதிதாக வருபவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பல முறை பார்த்திருக்கிறேன். பாதிப் பேர் அந்த இடத்திலேயே சோர்ந்துவிடுகிறார்கள்.

பைதானில் எழுதும் ஜாங்கோ, ஃபிளாஸ்க், ஜாவாஸ்கிரிப்டில் எழுதும் எக்ஸ்பிரஸ் ஆகிய மூன்றையும் ஒப்பிடும்போது வழக்கமாக வரிகளை எண்ணுவார்கள். ஃபிளாஸ்கில் ஒரு பக்கத்தைக் காட்ட ஆறேழு வரி போதும், ஜாங்கோவில் மூன்று ஃபைலைத் தொட வேண்டும் என்பார்கள். அது உண்மைதான். ஆனால் முதல் நாளுக்கு அப்புறம் அந்தக் கணக்குக்கு மதிப்பில்லை. புதியவர் நாளுக்குப் பத்துத் தப்பு செய்வார். அந்தத் தப்பை ஃபிரேம்வொர்க் எங்கே, எப்படிக் காட்டிக்கொடுக்கிறது என்பதை வைத்துத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு சின்னக் குறிப்பேடு ஆப். மூன்றே முகவரிகள்: ‘நோட்ஸ்/’ என்றால் எல்லாக் குறிப்புகளின் பட்டியல், ‘நோட்ஸ்/நியூ/’ என்றால் புதுக் குறிப்புக்கான ஃபார்ம், ‘நோட்ஸ்/5/’ என்றால் ஐந்தாம் எண் குறிப்பு. கோடில் இவற்றை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். இங்கே படிக்க வசதியாகத் தமிழிலேயே எழுதுகிறேன்.

முகவரி எங்கே இருக்கிறது

ஜாங்கோவில் முகவரிகளுக்கென்று தனி ஃபைல், யூஆர்எல்ஸ்.பை. அதில் யூஆர்எல்பேட்டர்ன்ஸ் என்று ஒரு லிஸ்ட். அந்த லிஸ்டில் ஒவ்வொரு வரியும் ஒரு ‘பாத்’: இந்த முகவரி வந்தால் இந்த வியூவை (பக்கத்தைத் தயாரிக்கும் ஃபங்ஷனை) கூப்பிடு. புராஜெக்டை உருவாக்கும்போது ஒரு யூஆர்எல்ஸ் ஃபைல் தானாக வந்துவிடும். ஆனால் ஸ்டார்ட்ஆப் கட்டளை கொடுத்து ஆப் ஒன்றைத் தொடங்கினால், அந்த ஆப்புக்குள் யூஆர்எல்ஸ் ஃபைல் இருக்காது. நாம்தான் உருவாக்க வேண்டும். அப்புறம் புராஜெக்டின் ஃபைலிலிருந்து ‘இன்க்ளூட்’ போட்டு அதை இணைக்க வேண்டும்.

இந்த இன்க்ளூட் என்ன செய்கிறது என்பது புரிந்துவிட்டால் ஜாங்கோ ரூட்டிங்கில் பாதி முடிந்தது. புராஜெக்ட் ஃபைலில் ‘நோட்ஸ்/’ என்று எழுதி இன்க்ளூட் செய்தால், வரும் முகவரியில் அந்தப் பகுதியை ஜாங்கோ வெட்டிவிட்டு மீதியை மட்டும் ஆப்பின் ஃபைலுக்கு அனுப்புகிறது. ‘நோட்ஸ்/5/’ வந்தால் ஆப்புக்குப் போய்ச் சேருவது ‘5/’ மட்டுமே. இது தெரியாமல் ஆப்பின் ஃபைலிலும் ‘நோட்ஸ்/’ என்று மறுபடி எழுதுகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுடைய பக்கம் ‘நோட்ஸ்/நோட்ஸ்/5/’ என்ற முகவரியில் நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும், அவர்கள் ‘நோட்ஸ்/5/’ என்று தேடிக்கொண்டிருப்பார்கள். இன்க்ளூடில் கடைசிச் சாய்கோட்டை விட்டுவிட்டால் ‘நோட்ஸ்5/’ என்றுதான் பக்கம் திறக்கும். இரண்டு துண்டுகளை அப்படியே ஒட்டுகிறது, அவ்வளவுதான்.

ஃபிளாஸ்கில் முகவரி ஃபங்ஷனின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கும். ‘ஆப்.ரூட்’ என்ற டெக்கரேட்டரை (ஃபங்ஷனோடு கூடுதல் வேலையைச் சேர்க்கும் வரியை) எழுதி, அதன் கீழே ஃபங்ஷன். படித்தவுடனே புரிகிறது: இந்த முகவரிக்கு இந்த ஃபங்ஷன். ரூட்டிங் என்றால் என்ன என்று ஒருவருக்கு முதன்முதலாகச் சொல்லிக்கொடுக்க இதைவிடத் தெளிவான வழி எனக்குத் தெரியாது. எக்ஸ்பிரஸும் கிட்டத்தட்ட இதே பாணிதான்: ‘ஆப்.கெட்’ என்று தொடங்கி முகவரியையும் ஃபங்ஷனையும் ஒரே வரியில் கொடுத்துவிடலாம்.

ஃபைல் பெரிதாகும்போது ஃபிளாஸ்கில் ஒரு சிக்கல் முளைக்கும். டெக்கரேட்டர் வேலை செய்வது அந்த ஃபைல் இம்போர்ட் ஆகும்போதுதான். குறிப்புகளுக்கான ஃபங்ஷன்களை வேறு ஃபைலுக்கு மாற்றிவிட்டு, முக்கிய ஃபைலில் அதை இம்போர்ட் செய்ய மறந்தால், அந்த முகவரிகள் ஃபிளாஸ்கைப் பொறுத்தவரை பிறக்கவே இல்லை. பிழைச்செய்தி எதுவும் வராது, வெறும் 404. சரி, இம்போர்ட் செய்துவிடலாம் என்று போனால், இரண்டு ஃபைல்களும் ஒன்றையொன்று இம்போர்ட் செய்துகொண்டு சுற்றிச் சுழலும். இதற்கு மருந்து புளூபிரிண்ட்: முகவரிகளைத் தனிக் குழுவாக எழுதி, பிறகு ஆப்போடு இணைக்கும் வசதி. மூன்றாவது நான்காவது முகவரி எழுதும்போதே புளூபிரிண்டுக்கு மாறிவிடுங்கள். இருபது முகவரி சேர்ந்த பிறகு மாற்றுவது பெரிய தலைவலி.

சாய்கோடு விஷயத்தில் ஜாங்கோவும் ஃபிளாஸ்கும் நேர் எதிர். ஃபிளாஸ்கில் முகவரி சாய்கோட்டில் தொடங்கியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஆப் கிளம்பாமல் பிழை காட்டும். ஜாங்கோவில் தொடக்கத்தில் சாய்கோடு போடக் கூடாது. போட்டால் சர்வர் கிளம்பும்போது டபிள்யூ002 என்ற எச்சரிக்கை வரும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகிறவர்கள் இதை முதல் நாளே மனதில் போட்டுக்கொள்ளலாம்.

‘நியூ’ என்ற சோதனை

மூன்றையும் ஒரே கேள்வியில் பிரித்துக் காட்ட வேண்டும் என்றால் இதைத்தான் கேட்பேன்: ‘நோட்ஸ்/நியூ/’ என்று அடித்தால் ஃபார்ம் வருகிறதா, அல்லது ‘நியூ’ என்ற பெயரில் ஒரு குறிப்பைத் தேடப் போகிறதா?

எக்ஸ்பிரஸில் ரூட்டுகள் எழுதிய வரிசையில்தான் பார்க்கப்படும். ‘நோட்ஸ்/:ஐடி’ என்ற வரி மேலேயும் ‘நோட்ஸ்/நியூ’ கீழேயும் இருந்தால், மேலே உள்ளது ‘நியூ’வை விழுங்கிவிடும். ஐடியின் மதிப்பு ‘நியூ’ என்று ஆகி, டேட்டாபேஸ் அப்படி ஒரு குறிப்பு இல்லை என்று சொல்லும். நாம் டேட்டாபேஸில் கோளாறு என்று நினைத்து அங்கே போய்த் துழாவிக்கொண்டிருப்போம். இரண்டு வரிகளையும் இடம் மாற்றினால் தீர்ந்தது, ஆனால் அதைக் கண்டுபிடிக்கத்தான் நேரமாகும்.

ஜாங்கோவும் மேலிருந்து கீழாகத்தான் பார்க்கிறது, முதலில் பொருந்துவதே வெல்லும். ஆனால் ‘<இன்ட்:ஐடி>/’ என்று எழுதினால் அது எண்ணை மட்டுமே ஏற்கும். ‘நியூ’ எண் இல்லை என்பதால் அந்த வரியைத் தாண்டிச் சரியான இடத்துக்குப் போய்விடும். ‘<ஸ்டர்:ஐடி>/’ என்று எழுதியிருந்தால் எந்தச் சொல்லும் பொருந்திவிடும், எக்ஸ்பிரஸ் மாதிரியே சிக்குவோம். அதனால் எண் வர வேண்டிய இடத்தில் இன்ட் என்றே எழுதுங்கள்.

ஃபிளாஸ்கில் வரிசை ஒரு பொருட்டே இல்லை. அடியில் இருக்கும் வெர்க்ஸ்யூக் நூலகம் எல்லா முகவரிகளையும் எடைபோட்டு, நிலையான சொல் உள்ளதை, மாறி (வேரியபிள்) உள்ளதற்கு முன்னால் வைக்கிறது. ‘நியூ’வை எங்கே எழுதினாலும் ஃபார்ம்தான் வரும். புதியவருக்கு இது பெரிய நிம்மதி.

எக்ஸ்பிரஸில் இன்னொன்றையும் கவனியுங்கள். முகவரியிலிருந்து வரும் ஐடி எப்போதும் சரம்தான் (ஸ்ட்ரிங், அதாவது வெறும் எழுத்துத் தொடர்). ‘அடுத்த குறிப்பு’ என்ற இணைப்புக்காக 5 என்ற ஐடியோடு 1 கூட்டினால் 6 வராது, 51 வரும். ஜாங்கோவும் ஃபிளாஸ்கும் இன்ட் என்று குறித்தால் எண்ணாகவே மாற்றிக் கொடுக்கின்றன.

கடைசிச் சாய்கோடு

ஜாங்கோவில் ‘நோட்ஸ்/நியூ/’ என்று முகவரி எழுதியிருக்கும்போது யாராவது கடைசிச் சாய்கோடு இல்லாமல் அடித்தால், 301 (முகவரி மாறிவிட்டது என்ற பதில்) கொடுத்து சாய்கோடு உள்ள முகவரிக்குத் திருப்பிவிடும். படிக்கும் பக்கங்களுக்கு இது நல்லது. ஃபார்மின் ஆக்‌ஷனில் சாய்கோட்டை விட்டுவிட்டால்தான் வம்பு: 301 வந்ததும் பிரவுசர் போஸ்டை (விவரம் அனுப்பும் கோரிக்கையை) கெட்டாக (பக்கத்தை மட்டும் கேட்கும் கோரிக்கையாக) மாற்றிவிடும், தட்டச்சு செய்த விவரம் காணாமல் போகும். நல்லவேளையாக டீபக் நிலையில் (உருவாக்கும்போது பிழைகளை விரிவாகக் காட்டும் நிலை) ஜாங்கோ சும்மா திருப்பிவிடாமல், போஸ்ட் விவரத்தைக் காப்பாற்ற முடியாது என்று விளக்கமாகப் பிழை எழுப்புகிறது. அந்தச் செய்தியைப் பயப்படாமல் முழுவதும் படியுங்கள், தீர்வு அதிலேயே இருக்கிறது.

ஃபிளாஸ்கின் இப்போதைய பதிப்புகள் இதே இடத்தில் 308 என்ற வேறொரு திருப்புதலை அனுப்புகின்றன. போஸ்ட் போஸ்டாகவே போகும். ஆனால் சாய்கோடு இல்லாமல் எழுதிய முகவரியைச் சாய்கோட்டோடு அடித்தால் ஃபிளாஸ்க் 404 காட்டும். எக்ஸ்பிரஸ் இயல்பாகவே இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்கிறது.

சத்தமில்லாமல் நடக்கும் தப்பு

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது இந்தப் பகுதிதான். ஃபிளாஸ்கில் லாகின் செய்தவர்கள் மட்டும் பார்க்க வேண்டிய பக்கத்துக்கு ‘லாகின் ரிக்வயர்ட்’ டெக்கரேட்டர் போடுவோம். அதை ‘ஆப்.ரூட்’டுக்குக் கீழே, ஃபங்ஷனை ஒட்டி எழுத வேண்டும். மேலே எழுதிவிட்டால், ரூட் காவலில்லாத ஃபங்ஷனைப் பதிவு செய்துகொள்ளும். பக்கம் அழகாகத் திறக்கும், பிழை கிடையாது, லாகின் செய்யாதவருக்கும் திறக்கும். எழுதியவர் லாகின் செய்த நிலையிலேயே சோதித்துப் பார்ப்பதால் கண்ணில் படாது. எக்ஸ்பிரஸிலும் இதே ஆபத்து வேறு உருவத்தில் இருக்கிறது: லாகினைச் சோதிக்கும் மிடில்வேரை (ரூட்டுக்கு முன்னால் ஓட வேண்டிய ஃபங்ஷனை) ரூட்டுக்குக் கீழே எழுதினால் அது ஓடவே ஓடாது. ஜாங்கோவில் முகவரியும் வியூவும் வேறு வேறு ஃபைலில் இருப்பதால் இந்த வரிசைக் குழப்பமே எழாது. தனி ஃபைல் எதற்கு என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் இது.

404 வந்தால் என்ன காட்டுகிறது என்பதிலும் ஜாங்கோதான் முன்னால். டீபக் நிலையில், தான் பார்த்த பேட்டர்ன்களை எல்லாம் வரிசையாக அடுக்கி, கேட்ட முகவரி எதிலும் பொருந்தவில்லை என்று காட்டும். மேலே சொன்ன ‘நோட்ஸ்/நோட்ஸ்/’ தப்பு அந்தப் பட்டியலில் பளிச்சென்று தெரியும். ஃபிளாஸ்கில் ‘நாட் ஃபவுண்ட்’ என்று மட்டும் வரும். ‘ஃபிளாஸ்க் ரூட்ஸ்’ என்ற கட்டளையை டெர்மினலில் கொடுத்தால் பதிவான எல்லா முகவரிகளையும் பார்க்கலாம். இம்போர்ட் மறந்த தப்பு அங்கே உடனே பிடிபடும். எக்ஸ்பிரஸ் ‘கேனாட் கெட்’ என்று முகவரியைத் திருப்பிச் சொல்வதோடு சரி.

பழைய பாடங்களைப் பார்த்துப் படிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 2017 டிசம்பரில் வந்த ஜாங்கோ 2.0-இல்தான் ‘பாத்’ அறிமுகமானது. அதற்கு முன்பு ரெகுலர் எக்ஸ்பிரஷனோடு (எழுத்து அமைப்பைப் பொருத்திப் பார்க்கும் குறியீட்டு முறை) ‘யூஆர்எல்’ என்ற ஃபங்ஷன். 2021 இறுதியில் வந்த 4.0-இல் அதை நீக்கிவிட்டார்கள். பாடத்தில் உள்ளதை அப்படியே அடித்து இம்போர்ட் பிழை வந்தால், பெரும்பாலும் காரணம் அதுதான். எக்ஸ்பிரஸிலும் 5-ஆம் பதிப்பில் எல்லாவற்றையும் பிடிக்கும் நட்சத்திரக் குறிக்கு ஒரு பெயர் கொடுத்தாக வேண்டும். வெறும் நட்சத்திரம் போட்ட பழைய கோடு உடையும்.

எதை எடுப்பது

ஃபிளாஸ்கில் இரண்டு மூன்று நாள் விளையாடிப் பாருங்கள், ரூட்டிங் மனதில் பதியும். லாகின், ஃபார்ம், நாலைந்து பகுதிகள் உள்ள உண்மையான முதல் புராஜெக்டை ஜாங்கோவில் தொடங்குங்கள். இதுதான் என் தீர்ப்பு. சின்ன ஏபிஐ (பக்கம் இல்லாமல் தகவலை மட்டும் மற்ற நிரல்களுக்குத் தருவது) மட்டும் போதும் என்றால் ஃபிளாஸ்கிலேயே இருந்துவிடலாம். எக்ஸ்பிரஸை, ஜாவாஸ்கிரிப்ட் ஏற்கெனவே கைக்கு வந்தவர்களுக்கு மட்டும் பரிந்துரைப்பேன். அதில் சறுக்குவதற்கு இடம் அதிகம். இணைப்புகளும் ஒரு காரணம்: ஜாங்கோவில் ரூட்டுக்குப் பெயர் வைத்து டெம்ப்ளேட்டில் அந்தப் பெயரைச் சொன்னால் முகவரி தானாக வரும், ஃபிளாஸ்கில் ‘யூஆர்எல் ஃபார்’ அதையே செய்கிறது. எக்ஸ்பிரஸில் அந்த வசதி உள்ளேயே வருவதில்லை. ‘நோட்ஸ்’ என்பதை நாளைக்கு வேறு சொல்லாக மாற்ற நினைத்தால், ஒவ்வொரு இணைப்பையும் தேடித் திருத்த வேண்டும்.

ஜாங்கோவை எடுப்பவர்கள் தமிழ்த் தலைப்பை முகவரியில் வைக்க ஆசைப்பட்டால் ஓரிடத்தில் எச்சரிக்கையாக இருங்கள். ‘<ஸ்லக்:தலைப்பு>’ என்று எழுதினால் ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு, அடிக்கோடு மட்டும்தான் பொருந்தும். தமிழ் முகவரிக்கு 404 வரும். ‘ஸ்டர்’ என்று மாற்றினால் பொருந்தும். தலைப்பை ஸ்லக்காக, அதாவது முகவரியில் வைக்கும் துண்டாக, மாற்றித் தரும் ஸ்லக்கிஃபை ஃபங்ஷன் இயல்பாகத் தமிழை முழுவதும் அழித்துவிடும். யூனிகோடை அனுமதிக்கும் விருப்பத்தைத் திறந்தாலும் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் அது எழுத்தாகக் கருதுவதில்லை: ‘தமிழ்’ என்று கொடுத்தால் ‘தமழ’ என்று திரும்பி வரும். தலைப்பில் உள்ள இடைவெளிகளைச் சிறுகோடாக மாற்றும் இரண்டு வரி ஃபங்ஷனை நாமே எழுதிக்கொண்டு, ஸ்லக்கை சாதாரண எழுத்துப் புலத்தில் சேமிப்பதுதான் வழி. அந்த முகவரியை யாருக்காவது காப்பி செய்து அனுப்பினால் ‘தமிழ்’ என்ற ஒரே சொல் விழுக்காட்டுக் குறிகளோடு 45 எழுத்தாக நீளும். அதனால் நான் எண்ணையும் சேர்த்து, ‘நோட்ஸ்/5/’ என்பதை அடுத்துத் தலைப்பு வருகிற மாதிரி வைத்துக்கொள்கிறேன். வழியில் தலைப்பு சிதைந்தாலும் 5 என்பதை வைத்துக் குறிப்பைக் கண்டுபிடித்துவிடலாம்.