மணமுறிவைக் காட்டும் மூன்று படங்கள்: முதலில் எது?

திருகோணமலையில் நாங்கள் சிலர் சேர்ந்து படம் பார்ப்பதும், பிறகு கடற்கரையில் இருந்து அதைப் பற்றிக் கதைப்பதும் வழக்கம். மணவாழ்வு மெல்ல மெல்ல முறிவதை உண்மையாகக் காட்டும் படம் எது என்ற பேச்சு எழுந்தபோது மூன்று பெயர்கள் அடிபட்டன.

அமிர்தகழியில் பிறந்த எங்கள் கிழக்கு மண்ணின் பாலு மகேந்திரா, மகேஷ் பட்டின் 'அர்த்' படத்தைத் தழுவி 1993இல் எடுத்த 'மறுபடியும்' பலரது தெரிவு. ஒரு நடிகையிடம் போய்த் திரும்பி வரும் கணவனிடம், நான் இப்படிச் செய்திருந்தால் ஏற்றிருப்பீர்களா என்று ரேவதி கேட்கும் இடத்தின் வலு இன்றும் குறையவில்லை. ஆயினும் அது முறிவுக்குப் பின் ஒரு பெண் எழுந்து நிற்கும் கதையே தவிர, முறிவு நேரும் விதத்தைச் சொல்லும் கதையன்று.

அஸ்கர் ஃபர்ஹாதியின் ஈரானியப் படமான 'எ செப்பரேஷன்' (2011), நீதிபதியின் முன் அமர்ந்திருக்கும் தம்பதியோடு தொடங்குகிறது. வெளிநாடு போகவேண்டும் என்கிறாள் சிமின்; நினைவிழந்த தகப்பனை விட்டு வரமாட்டேன் என்கிறான் நாதர். இரண்டிலும் நியாயம் இருப்பதால் பார்ப்பவருக்குப் பழிபோட ஆள் கிடைப்பதில்லை. இந்த வழக்கு நடக்காத வீடு எங்கள் ஊரிலும் குறைவு.

என் தெரிவு, தஸ்தயெவ்ஸ்கி 1876இல் எழுதிய கதையொன்றைத் தழுவிச் சிங்கள இயக்குநர் பிரசன்ன விதானகே எடுத்த 'ஒப நாதுவ ஒப எக்க' (2012). மலையகத்தில் அடைவுகடை நடத்தும் சிங்களவன் ஒருவன், நகை அடைவு வைக்க வந்த, போரில் சிதைந்த குடும்பத்துத் தமிழ்ப் பெண்ணான செல்வியை மணக்கிறான். முன்பு தான் இராணுவத்தில் இருந்ததை அவளிடம் சொல்லவில்லை. பழைய நண்பன் ஒருவனின் வரவால் அது வெளிப்படுகிறது என்றாலும், முறிவு அன்றுதான் தொடங்கியது என்று என்னால் ஏற்க முடியாது. அவளுக்குத் தமிழ்ப் படங்கள்மேல் ஆசை. அவனோ தொலைக்காட்சியில் மல்யுத்தம் பார்த்தபடி இருக்கிறான். ஒரே அறையில் இருந்தும் அவள் தனித்துப்போவதை விதானகே பொறுமையாகப் பார்க்க வைத்திருக்கிறார். உண்மை தெரிந்தபின் அவன் காட்டும் அன்பு பொய்யல்ல. ஆனால் இழந்தவளிடம் மன்னிப்பைக் கேட்டுப் பெற்றுவிடலாம் என்று அவன் நம்புவதுதான் அவளை மேலும் நெருக்குகிறது.

சிங்களமும் தமிழும் பேசும் இப்படத்தை, இரு மொழியினரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் எங்கள் ஊரில், இரு சாராரையும் ஒன்றாக இருத்தி முதலில் காட்டவேண்டும் என்கிறேன். ஃபர்ஹாதியை அடுத்த கிழமை பார்க்கலாம். 'மறுபடியும்' அதன்பின் வரட்டும்.