வியாசர்பாடியில் ஐடிஐ ஆசிரியர்களுக்கான மூன்று நாள் பயிற்சி: அனுப்பலாமா?

கற்பித்தல் திறன் தரநிலையை, அதாவது வகுப்பில் ஆசிரியர் என்னென்ன செய்ய வேண்டும் என்ற பட்டியலை, வைத்து நடத்தும் பயிற்சி. முதல் நாள் முழுக்க சிலைடுதான். ஐடிஐ ஆசிரியர்களுக்கான சிஐடிஎஸ் பயிற்சியை ஓராண்டு படித்தவர்களுக்குப் பழைய பாடம்.

இரண்டாம் நாளுக்குக் காசு கொடுக்கலாம். வெர்னியர் காலிப்பரை (நுட்பமாக நீளம் அளக்கும் கருவி) பயன்படுத்திக் காட்டும் 10 நிமிட வகுப்பை வீடியோ எடுத்து, தரநிலையோடு வரிவரியாக ஒப்பிடுகிறார்கள். கருவியின் தாடையை மூடி, அளவு பூஜ்ஜியத்தில் நிற்கிறதா (ஜீரோ பிழை) என்று பார்த்தாரா? 0.02 மி.மீ. லீஸ்ட் கவுன்ட் (கருவி அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு) எப்படி வந்தது என்று மாணவனையே சொல்ல வைத்தாரா? பலரும் சறுக்குவது இங்கேதான். பதிலைத் தாங்களே சொல்லிவிடுகிறார்கள்.

தரநிலையில் உள்ள 'நன்றாக விளக்குகிறார்' போன்ற வரிகளுக்கு மட்டும் ஆளுக்கொரு மதிப்பெண் விழுகிறது. கண்ணால் பார்க்கக்கூடிய செயலாக எழுதியிருந்தால் இந்தச் சண்டை வராது.

கடைசி நாள் முன்னேற்றத் திட்டம் எழுத வைக்கிறார்கள். பிறகு வகுப்புக்கு வந்து பார்க்க ஆளில்லை. முதல்வரே மாதம் ஒருமுறை உட்கார்ந்து கவனிப்பாரென்றால் அனுப்பலாம். மதியச் சாப்பாடு சுமார்.