வேலூரில் 10 நாள், தங்கையின் ஃபைலோடு

மெல்போர்னிலிருந்து மூன்று வார லீவில் வந்தேன். அதில் 10 நாள் வேலூரில், தங்கையின் ஐவிஎஃப் (சோதனைக்குழாய்க் குழந்தை சிகிச்சை) ஃபைலோடு போனது. அவள் குடியாத்தத்தில் இருக்கிறாள். போன மாதம், லேபில் ஐந்து நாள் வளர்த்த கரு ஒன்றைக் கர்ப்பப்பையில் வைத்தார்கள். இரண்டு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை, தங்கவில்லை.

சிகிச்சை செய்த இடத்தில் டோக்கன், ஸ்கேன், ஊசி எல்லாம் நேரத்துக்கு நடந்திருக்கிறது. தோற்ற பிறகுதான், "அடுத்த மாசம் வாங்க, இன்னொரு தடவை வைக்கலாம்" என்பதோடு சரி. ஏன் என்று ஒருவரும் உட்கார்ந்து சொல்லவில்லை. ஊரில் சொல்ல ஆளா இல்லை? மாடி ஏறினாள், ஷேர் ஆட்டோவில் போனாள் என்றார்கள். அவளும் நம்பிவிட்டாள். "பஸ்ல குலுங்கினதுல நழுவிடுச்சாக்கா?" என்று நடுராத்திரி கேட்டாள். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது.

காந்தி ரோடு பக்கம் வங்காள மொழியில் போர்டு எழுதிய லாட்ஜ் ஒன்றில் ரூம் எடுத்து, வேறொரு டாக்டரம்மாவைப் பார்த்தோம். முதலில் அந்தக் கேள்வியைத்தான் கேட்டோம். "கர்ப்பப்பை காலிக் குடம் இல்லம்மா. ரெண்டு சுவரும் ஒட்டியே இருக்கும். ஒண்ணுமேல ஒண்ணு வெச்ச ரெண்டு தோசைக்கு நடுவுல எள்ளு. நடந்தா விழுமா?" என்றார். படுத்தே கிடப்பதால் பலன் கூடுவதில்லையாம்.

கரு தங்காததற்குப் பெரும்பாலும் கருவே காரணம் என்றார். ஐந்து நாள் அழகாக வளர்ந்திருந்தாலும் உள்ளே குரோமோசோம் எண்ணிக்கை தப்பியிருக்கலாம். பெண்ணுக்கு 35 வயதுக்கு மேல் இது கூடிக்கொண்டே போகும். 40-ஐத் தாண்டினால் பாதிக்கு மேல் கருக்கள் அப்படித்தான். விந்தணுவின் டிஎன்ஏ சிதைவு, தைராய்டு, கர்ப்பப்பைக்குள் துருத்தும் கட்டி, எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். தங்கைக்கு 34தான்.

அப்புறம் ஃபைலின் அடியில் கிடந்த பழைய கருக்குழாய் எக்ஸ்ரேயை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். இடதுபக்கக் குழாய் பலூன் மாதிரி உப்பி, முனை அடைத்திருந்தது. அதில் தேங்கும் நீர் கர்ப்பப்பைக்குள் கசிந்தால், கரு ஒட்டும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகிவிடுமாம். குழாயை எடுத்துவிட்டோ அடைத்துவிட்டோதான் கருவை வைக்க வேண்டும். இரண்டு வருஷமாக அந்தப் படம் ஃபைலிலேயே இருந்திருக்கிறது! தோற்றுப்போனவர்கள் அடுத்த தேதி வாங்குமுன், பழைய படங்களையும் ரிப்போர்ட்டையும் எடுத்து வைத்துக் காரணம் கேளுங்கள்.

உறைய வைத்த கரு இன்னும் இரண்டு இருக்கிறது. அதை வைப்பதற்கு முன், அந்தக் குழாய்க்காக லேப்ராஸ்கோப்பிக்கு (சிறு துளை வழியாகச் செய்யும் ஆபரேஷன்) தேதி கொடுத்திருக்கிறார்கள். லாட்ஜில் லிஃப்ட் இல்லை, ரூம் மூன்றாவது மாடி. வந்த நாளிலிருந்து படிக்குப் படி நின்று ஏறியவள், அன்றைக்கு எக்ஸ்ரே கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எனக்கு முன்னாலேயே ஏறிப்போய்க் கதவைத் திறந்தாள்.